புள்ளி காட்டும் கருவியும் மலை காட்டும் படமும்

ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் பென் நெவிஸ் என்றொரு மலை இருக்கிறது. அதன் உயரம் 1,345 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டாவில் ஏறத்தாழப் பாதி. ஆயினும் பிரிட்டன் தீவில் அதனினும் உயர்ந்த மலை இல்லையாதலால், ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் அதன்மீது ஏறுகின்றனர். 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அம்மலையின் உச்சிப் பகுதியைப் பேணிவரும் ஜான் மூயர் அறக்கட்டளையும், மவுண்டனியரிங் ஸ்காட்லாந்து என்னும் மலையேறுவோர் அமைப்பும் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தன. பென் நெவிஸுக்கு வழி கேட்போர்க்குக் கூகுள் மேப்ஸ் காட்டும் வழி உயிருக்கே ஊறு விளைக்கக் கூடியது என்பதே அவ்வெச்சரிக்கை.

நடந்தது இதுதான். வண்டியில் வருவோரை அது நெவிஸ் பள்ளத்தாக்கின் கோடியில், ஸ்டீல் அருவிக்கு அருகில் உள்ள வண்டி நிறுத்துமிடத்திற்கு அழைத்துச் சென்றது. அங்கிருந்து உச்சிவரை புள்ளி புள்ளியாக ஒரு கோடு காட்டியது. நேர்கோட்டில் அளந்தால் உச்சிக்கு மிக அண்மையில் உள்ள வண்டி நிறுத்துமிடம் அதுவே. ஆனால் அங்கிருந்து மேலேறப் பாதை கிடையாது. செங்குத்தான பாறைச் சரிவே உண்டு. மக்கள் வழக்கமாக ஏறும் பாதை, அதே பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள பார்வையாளர் நிலையத்தின் அருகே தொடங்குகிறது. அன் டெல்லாக் என்னும் மற்றொரு மலைக்குக் காட்டப்பட்ட நடைவழியோ ஓங்கலின் விளிம்பைக் கடந்து சென்றது! எச்சரிக்கைக்குப் பின்னர் அந்நிறுவனம் பென் நெவிஸ் வழியைத் திருத்திக்கொண்டது.

இச்செய்தியை நாம் இங்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. விடுமுறையில் ஊருக்கு வரும் நம் பேரப்பிள்ளைகள், கற்படுக்கைகள் உள்ள குன்றுகளுக்கும் சவ்வாது மலை, ஏற்காடு போன்ற இடங்களுக்கும் கூட்டாகப் புறப்படுகின்றனர். வழி தெரியுமா என்று கேட்டால் கைப்பேசியைத் தூக்கிக் காட்டுகின்றனர். அதில் ஜி.பி.எஸ். இருக்கிறது, நாம் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரிகிறது, போகுமிடமும் தெரிகிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர்களது எண்ணம். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் இருப்பது மேடா பள்ளமா, ஏறத்தக்க சரிவா இறங்கலாகாத பாறையா என்பதை நீலப் புள்ளி சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே ஒரு வகை வரைபடம் இருக்கிறது. அதன் பெயர் நிலத்தோற்ற வரைபடம். அலுவலக வழக்கில் டோப்போ ஷீட். இப்போது அது காகிதத்திலிருந்து கைப்பேசித் திரைக்கும் வந்துவிட்டது. அதைப் படிக்கத் தெரிந்தவர் கையில்தான் ஜி.பி.எஸ். முழுப் பயன் தருகிறது. ஆகவே படத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

நீர் வரைந்த கோடுகள்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் முதல் வாரத்திலேயே கற்றுத்தரப்படும் நெறி. நம் எல்லோர்க்கும் தெரிந்தது ஏரி. கோடையில் ஏரி நீர் சிறிது சிறிதாக வற்றும்போது, கரையோர மண்ணில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஈரத்தடங்கள் விட்டுச் செல்வதைப் பார்த்திருப்போம். ஒரு தடத்தின்மீது நெடுக நடந்து சென்றால் ஏறவும் மாட்டோம், இறங்கவும் மாட்டோம். ஏனெனில் ஒரு நாள் நீர்மட்டம் நின்ற இடம் முழுவதும் ஒரே உயரம். அந்தத் தடமே சம உயரக் கோடு. கரை சாய்வாக உள்ள இடத்தில் தடங்கள் விலகி விலகி இருக்கும். கரை செங்குத்தாக உள்ள இடத்தில் நெருங்கி இருக்கும். இவ்வளவு விளங்கிவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

வகுப்பில் நாம் இதனை ஓர் அலுமினியத் தட்டும் களிமண்ணும் கொண்டு கற்பித்து வந்தோம். இன்றும் வீட்டில் செய்யலாம். ஆழமான பாத்திரத்தின் நடுவில் களிமண்ணால் ஒரு குன்று செய்க. ஒரு பக்கம் செங்குத்தாகவும், மறுபக்கம் சாய்வாகவும், ஒரு பக்கத்தில் விரலால் இழுத்த ஓடையுடனும் இருக்கட்டும். ஒரு விரற்கடை உயரத்திற்கு நீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பைக் குச்சியால் கீறுக. இன்னொரு விரற்கடை நீர், இன்னொரு கீறல். குன்று மூழ்கும்வரை இப்படியே செய்து, பிறகு நீரை மெல்ல வடித்துவிட்டு மேலிருந்து நேராக நோக்குக. நிலத்தோற்ற வரைபடம் அப்படியே தெரியும். ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒவ்வொரு கோடும் உச்சியை நோக்கி உள்ளே வளைந்திருக்கும். குன்றின் முகடு நீண்டு இறங்கும் இடத்திலோ கோடுகள் உச்சியை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முகட்டுக்கும் ஓடைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் விரலால் தொட்டு அறிய வேண்டும். புவியியல் செய்முறை ஏட்டில் இக்கோடுகளை அழகாக வரைந்து முழு மதிப்பெண் பெற்றவர்களில் பலர்க்கு, எதிரே நிற்கும் மலையில் முகடு எது ஓடைப்பள்ளம் எது என்று படத்தோடு ஒப்பிடத் தெரிவதில்லை. அது பிள்ளைகளின் குறையன்று. மலைக்கு அழைத்துச் செல்லாமல் மலையைக் கற்பிக்கும் முறையின் குறை.

இனி எண்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவைப் படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர்; 1 மில்லிமீட்டர் என்பது 50 மீட்டர். அடுத்தடுத்த இரு சம உயரக் கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு பெரும்பாலும் 20 மீட்டர். ஆகவே இரு கோடுகள் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் 50 மீட்டர் நடப்பதற்குள் 20 மீட்டர் ஏறுகிறோம்; சரிவு ஏறத்தாழ 22 பாகை. மூச்சு வாங்கும், ஆயினும் ஏறலாம். இடைவெளி அரை மில்லிமீட்டர் ஆனால் சரிவு 39 பாகை. அங்கே கையையும் ஊன்ற வேண்டிவரும், குழந்தைகளை அழைத்துச் செல்லலாகாது. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது ஓங்கல். பென் நெவிஸில் அந்தப் புள்ளிக்கோட்டின் கீழ் சம உயரக் கோடுகளைப் போட்டுப் பார்த்த எவரும் அவ்வழியில் காலடி வைத்திருக்க மாட்டார்.

ஓர் எச்சரிக்கை. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், 15 மீட்டர் உயரமுள்ள பாறை ஒன்று இரு கோடுகளுக்கு நடுவே முற்றிலும் மறைந்து நிற்க இடமுண்டு. நான்கு மாடி வீட்டின் உயரம் அது. கோடு இல்லாமையால் பாறையும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

வானத்திலிருந்து வரும் நேரம்

மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை எண்ணுவது கிராமத்துப் பழக்கம். ஒலி 1 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். எனவே 6 நொடி என்றால் இடி விழுந்த இடம் 2 கிலோமீட்டர் தொலைவில். நேரத்தைக் கொண்டு தூரத்தை அறியும் இதே உத்திதான் ஜி.பி.எஸ். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தின் நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. கைப்பேசி அதைக் கேட்டு, புறப்பட்ட நேரத்திற்கும் வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தூரமாக மாற்றுகிறது. மூன்று இடங்களிலிருந்து தூரம் தெரிந்தால் நிற்குமிடம் தெரிந்துவிடும். ஆனால் கைப்பேசியின் கடிகாரம் மலிவானது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு நொடி பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். அந்தப் பிசகையும் கண்டு நீக்க நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. ஆகவே குறைந்தது நான்கு. இப்போதைய கைப்பேசிகள் ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ ஆகியவற்றையும் கேட்பதால் நான்குக்கு மேலேயே கிடைக்கின்றன.

பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். ஒலிபரப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிவந்த காலமும் ஒன்று இருந்தது. அப்போது 100 மீட்டர்வரை பிசகு உண்டு. 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அது நிறுத்தப்பட்டது. இப்போது திறந்த வானத்தின் கீழ் ஒரு கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடம் சொல்கிறது. அடர்ந்த மரக்கூட்டத்தின் கீழும், உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவிலும் இத்துல்லியம் குறையும். பாறையில் மோதித் திரும்பி வரும் அலை கணக்கைக் குழப்பும். நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிறிய வட்டம் தெரிகிறதே, அது அழகுக்கன்று; நாம் அவ்வட்டத்துக்குள் எங்கேனும் இருக்கக் கூடும் என்று கருவியே ஒப்புக்கொள்வது. வட்டம் பெரிதாகும்போது வெட்ட வெளிக்கு வந்து சற்று நிற்க வேண்டும்.

மக்களிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. முதலாவது, டவர் இல்லாவிடில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்பது. செயற்கைக்கோளின் ஒலிபரப்புக்கும் டவருக்கும் தொடர்பில்லை. டவர் இருந்தால் முதன்முறை இடம் காண்பது விரைவாகும், அவ்வளவே. டவர் இல்லாதபோது வராமற் போவது புள்ளியன்று, படம். வெறும் சாம்பல் நிறத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நிற்கும். இரண்டாவது, ஜி.பி.எஸ். இருந்தால் நாம் இருக்குமிடம் பிறர்க்குத் தெரிந்துவிடும் என்பது. ஜி.பி.எஸ். கேட்கும் கருவியே, பேசும் கருவி அன்று. நாம் அனுப்பினாலன்றி நம் இடம் ஒருவர்க்கும் தெரியாது.

திசையைப் பற்றியும் ஒரு சொல். அசையாமல் நிற்பவர் எப்பக்கம் முகம் வைத்திருக்கிறார் என்பது ஜி.பி.எஸ்.ஸுக்குத் தெரியாது, நடந்தால்தான் தெரியும். நிற்கும்போது திரையில் தெரியும் அம்புக்குறி கைப்பேசிக்குள் உள்ள சிறு காந்தத் திசைகாட்டி சொல்வது. கைப்பேசி உறையின் காந்தப் பூட்டு அருகிருந்தால் அது தாறுமாறாகச் சுழலும். பென் நெவிஸ் உச்சியில் மேகம் மூடிய நாட்களுக்கென்று ஒரு நடைமுறை வகுத்திருக்கிறார்கள். உச்சியில் உள்ள அளவைத் தூணிலிருந்து வரைபட வடக்கிற்கு 231 பாகை திசையில் 150 மீட்டர் நடக்க வேண்டும். பிறகு 282 பாகைக்குத் திரும்பி இறங்க வேண்டும். அப்போது வலப்புறம் விலகினால் வடமுகத்தின் பெரும் ஓங்கல். இடப்புறம் மிகுதியாக விலகினால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்னும் செங்குத்துப் பள்ளம். மேகத்துள் 150 மீட்டரை எப்படி அளப்பது? காலடியை எண்ணித்தான். 100 மீட்டருக்குத் தமக்கு எத்தனை காலடி ஆகும் என்பதை நம் பிள்ளைகள் பள்ளி விளையாட்டுத் திடலிலேயே எண்ணி வைத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய்கூடச் செலவில்லாத கல்வி.

படத்தைச் செய்தவர் யார்?

கைப்பேசியில் மலைப்படம் காட்டும் செயலிகள் பல. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்றவை 2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப் படத்தைப் பயன்படுத்துகின்றன. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் படம் அது. ஒருவர் நடந்து பதிவு செய்த ஒற்றையடிப் பாதை அதில் இருக்கும். ஒருவரும் பதிவு செய்யாத பாதை இராது. மழையில் அழிந்துபோன பாதையும் யாரும் நீக்காதவரை இருந்துகொண்டேயிருக்கும்.

இத்தகைய படங்களில் சம உயரக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் சுற்றி, ரேடார் கொண்டு உலக நிலப்பரப்பில் 80 விழுக்காட்டை அளந்த கணக்கிலிருந்து. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற விகிதத்தில் அக்கணக்கு கிடைக்கிறது. எனவே குறுகிய பாறைப் பிளவுகள் அதில் வழுவழுப்பாகத் தேய்ந்துவிடும். அடர்ந்த காட்டில் மரத்தலையின் உயரம் நிலத்தின் உயரத்தோடு கலந்துவிடும். திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் கோடுதான் பெரிதாகத் தெரியும். அளக்கப்படாத பாறை அதனால் தோன்றிவிடாது. காகிதப் படத்தில் இந்த மயக்கத்திற்கு இடமில்லை, ஏனெனில் அது விரியாது.

நேரில் அளந்து செய்யப்பட்ட படம் வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறையின் படமே. 1767-இல் தொடங்கிய துறை அது. இந்தியாவைப் பெருமுக்கோணங்களால் அளந்த வரலாறு நம் ஊரிலேயே தொடங்கியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அவரது அளவைக் கருவியான தியோடலைட் அரை டன் எடை! 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதிக் கருவி நெளிந்தது. அதைத் தாமே சீர்செய்துகொண்டு அளவையைத் தொடர்ந்தார். இன்று அதே வேலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

இவ்வரலாறு வெறும் கதையன்று, பயன் உண்டு. அவ்வளவைகளைத் தொடர்ந்து ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமியின் உருவத்திற்கு ஒரு கணக்கு வகுத்தார். பழைய டோப்போ ஷீட்டுகளின் அட்சரேகை, தீர்க்கரேகை அக்கணக்கின்படி அமைந்தவை. ஜி.பி.எஸ். பின்பற்றுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறு கணக்கு. தாத்தாவின் பெட்டியிலிருந்த பழைய படத்தில் ஜி.பி.எஸ். தரும் எண்ணை அப்படியே குறித்தால், புள்ளி தன் உண்மையான இடத்திலிருந்து தள்ளி விழும். முகட்டின்மேல் நிற்பவர் ஓடைக்குள் நிற்பதாகத் தோன்றக்கூடும். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வந்த படங்கள் புதிய கணக்கிலேயே உள்ளன. இணையத்தின் வழியே அவற்றைப் பெறலாம். படத்தின் ஓரத்தில் அச்சிட்டுள்ள குறிப்பை முதலில் படிக்கும் பழக்கம் வேண்டும்.

உயரத்திலும் இதுபோன்ற ஒன்று உண்டு. சில செயலிகளைச் சென்னைக் கடற்கரையில் திறந்தால் உயரம் கடலுக்குக் கீழே 80 மீட்டருக்கும் அதிகம் என்று காட்டும். கைப்பேசி பழுதாகவில்லை. ஜி.பி.எஸ். உயரத்தை ஒரு கணித உருண்டையிலிருந்து அளக்கிறது. உண்மையான கடல் மட்டமோ நம் பகுதியில் அவ்வுருண்டையைவிடத் தாழ்ந்திருக்கிறது. புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வே காரணம். இலங்கைக்குத் தெற்கே இத்தாழ்வு 106 மீட்டர்வரை செல்கிறது; உலகிலேயே மிகுதியான தாழ்வு அதுதான். நல்ல செயலிகள் இதைத் தாமே சரிசெய்துவிடும். சரிசெய்கிறதா என்று உயரம் தெரிந்த ஓரிடத்தில் முன்னரே பார்த்துக்கொள்க. இரயில் நிலையப் பெயர்ப் பலகையில் கடல் மட்ட உயரம் எழுதியிருப்பதைவிட எளிய சோதனை வேறில்லை.

புறப்படுமுன்

முதல் வேலை, செல்லும் பகுதியின் படத்தைச் சம உயரக் கோடுகளோடு கைப்பேசியில் பதிவிறக்கம் செய்து வைத்தல். செய்தாயிற்று என்று பிள்ளைகள் சொன்னால் போதாது. வீட்டிலேயே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, அந்தப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். அங்கேயே பாதி பேர்க்குச் சாம்பல் திரை வந்துவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன எளிய வாய்ப்பாடு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டர் நடைக்கு 1 மணி; அதனோடு 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் 1 மணி. பென் நெவிஸில் வழக்கமான பாதை ஏறத்தாழ 8 கிலோமீட்டர், ஏற்றம் 1,300 மீட்டருக்குச் சற்று மேல். நடைக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்திற்கு 2 மணி 12 நிமிடம். ஆக 4 மணிக்குச் சற்றுக் குறைவு. ஓய்வும் உணவும் சேர்க்கப்படவில்லை. இது திடகாத்திரமான பெரியவர் கணக்கு. குழந்தைகளும் மூட்டுவலியுள்ளோரும் உடன் வந்தால் ஒன்றரை மடங்காகக் கொள்வது நம் வழக்கம். ஏற்றத்தை அறியச் சம உயரக் கோடுகளை எண்ணினால் போதும். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் நம் இல்லத்தார்க்கு, பொழுது சாய்வதற்குள் அடிவாரம் சேர வேண்டும் என்பதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் புறப்படுமுன்னரே ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

பேட்டரியைத் தின்பது ஜி.பி.எஸ்.ஸைவிடத் திரை வெளிச்சம். தடத்தைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டுத் திரையை அணைத்து வைத்தால் நாள் முழுதும் தாங்கும். டவரைத் தேடித் தேடியும் கைப்பேசி களைத்துப் போகும். ஏரோப்ளேன் மோடில் வைத்தாலும் பெரும்பாலான கைப்பேசிகளில் ஜி.பி.எஸ். கேட்கும். பவர் பேங்க் ஒன்றும், அச்சிட்ட படம் ஒன்றும், ஊசித் திசைகாட்டி ஒன்றும் உடனிருக்கட்டும். அச்சிட்ட படம் நீரில் நனையாதபடி ஒரு பிளாஸ்டிக் உறையில்.

காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம்; செயலியில் பாதை தெரிவது அனுமதி ஆகாது. தமிழ்நாடு வனத்துறை 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 மலைவழிகளை வழிகாட்டிகளோடு திறந்திருக்கிறது. முதன்முறை செல்வோர்க்கு அதுவே ஏற்றது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் வழியே பேசும், செய்தி அனுப்பும் கருவிகளை இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்தோர் உண்டு. 

மலைமீது

திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் காலடியையும் பார்ப்பதில்லை, மலையையும் பார்ப்பதில்லை. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது வேறு முறை. பாதை பிரியும் இடத்திலோ ஓடையைக் கடக்கும் இடத்திலோ நிற்க வேண்டும். முதலில் அச்சுப் படத்தை விரித்து, 'நாம் இங்கே இருக்கிறோம்' என்று ஒருவர் விரல் வைக்க வேண்டும். ஏன் என்று காரணமும் சொல்ல வேண்டும். அதன் பின்னரே கைப்பேசியைத் திறந்து நீலப் புள்ளியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒத்திராவிட்டால் எது பிழை என்று ஆராயும் ஐந்து நிமிடத்தில் கற்பது ஒரு பருவம் முழுதும் வகுப்பறையில் கற்பதைவிட மிகுதி. வினாத்தாளுக்கு விடை எழுதிய பின்னரே விடைக்குறிப்பைப் பார்க்க வேண்டும் என்பது போலத்தான்.

வழி தவறியதாகத் தோன்றினால் உடனே நிற்க வேண்டும். செயலியில் 'தொடங்கிய இடத்திற்குத் திரும்பு' என்பதை அழுத்தினால் பல கருவிகள் ஒரு நேர்கோட்டைக் காட்டும். பென் நெவிஸின் புள்ளிக்கோடு போன்றதே இதுவும். நடுவில் ஓங்கல் இருந்தாலும் கோடு அதன்மேலே போகும். நாம் பின்பற்ற வேண்டியது பதிவாகியுள்ள நம் சொந்தத் தடத்தை. ஏறிவந்த கால்கள் நடந்த வழி அது. ஆகவே இறங்கவும் முடியும். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையையும் மலையில் விட்டுவிடுவது நல்லது. ஓடை அருவியாக விழும் இடத்தில் கால் நிற்காது.

எண்களைச் சொல்லுதல்

உதவி வேண்டின் 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நம் நிறுவனத்தின் டவர் இல்லாவிடினும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டும் இடத்தில் அவ்வழைப்பு செல்லக்கூடும். பேச்சு எட்டாத இடத்திலும் சில வேளை குறுஞ்செய்தி போய்ச் சேரும். அதில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அனுப்ப வேண்டும். இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 12.30 பாகை என்பது 12 பாகை 30 நிமிடம் அன்று. ஒரு பாகைக்கு 60 நிமிடம் ஆகையால் அது 12 பாகை 18 நிமிடம். ஒன்றை மற்றொன்றாக எழுதிக்கொண்டால் வேறுபாடு 22 கிலோமீட்டர். தேடுவோர் வேறொரு மலையில் தேடிக்கொண்டிருப்பர். எண்ணைச் சொல்லும்போது 'புள்ளி' என்ற சொல்லை விடாமல் சொல்ல வேண்டும்: 'பன்னிரண்டு புள்ளி மூன்று பூஜ்யம்'. கேட்டவரைத் திருப்பிச் சொல்லவும் சொல்ல வேண்டும். அட்சரேகையில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்றால் 111 மீட்டர் நுட்பம். நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர். நான்கு போதும், அதற்குமேல் சொல்வது நேரத்தை வீணாக்கும். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. தமிழ்நாட்டில் முன்னது 8-க்கும் 14-க்கும் இடையிலும், பின்னது 76-க்கும் 81-க்கும் இடையிலும் இருக்குமாதலால் மாறிப்போனாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பயிற்சிக்கு மலை வேண்டியதில்லை. வரும் கோடையில் ஏரி பாதி வற்றியிருக்கும்போது பிள்ளைகளை அழைத்துச் செல்க. ஒருவர் கைப்பேசியில் தடப் பதிவைத் தொடங்கிவிட்டு, ஈரத்தடம் ஒன்றின்மீது ஏறாமலும் இறங்காமலும் கரையோரமாக நடக்கட்டும். வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் தடம் உள்ளே வளைந்தால் அவரும் வளைந்து செல்லட்டும். வீட்டிற்கு வந்து அந்தத் தடத்தைச் செயலியின் படத்தின்மீது போட்டுப் பார்த்தால், அவர்கள் காலால் வரைந்த சம உயரக் கோடு திரையில் தெரியும். கரைக்கு மேலே ஏறி அதே போல இன்னொரு முறை நடந்தால் இரண்டாவது கோடும் கிடைக்கும். இரண்டும் எங்கே நெருங்குகின்றன என்று அவர்களையே கேட்டு, மறுநாள் அந்த இடத்திற்கு அழைத்துச் சென்று கரையின் சரிவைக் காட்டுக.